புரட்டிப் பாருங்கள்: பழைய சாமான் கேள்வி பதில்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு இரண்டு தடவை போனேன். வெறுங்கையோடுதான் திரும்பினேன். உங்களுக்கு மட்டும் எப்படி அக்கா கிடைக்கிறது?
– எஸ்.வி., குரோம்பேட்டை

எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று எழுதவில்லையே! பத்தரை, பதினொன்று இருக்கும். அந்த நேரத்தில் செடியும் பிளாஸ்டிக் தொட்டியும் வாங்கலாம். நான் ஏழு மணிக்கு அங்கே நிற்பேன். மூட்டை அவிழ்க்கும்போது நாம் எதிரில் இருக்க வேண்டும். நமக்கு முன்பே பழம்பொருள் வியாபாரிகள் டார்ச்சோடு வந்திருப்பார்கள், அது வேறு கதை.

இன்னொன்று, யாரிடம் தேடுகிறீர்கள்? வெண்கலத்தை வெண்கலக்காரரிடம் வாங்கினால் வெண்கல விலைதான். பழைய ரிமோட், மிக்ஸி மூடி, அறுந்த சார்ஜர் என்று குவித்து வைத்திருப்பவரிடம் போய் உட்காருங்கள். அந்தக் குவியலில் ஒரு வெண்கலக் கரண்டி கிடந்தால் அவருக்கு அது வெறும் கரண்டி. போன மாதம் அப்படித்தான் ஒரு டேபிள் ஃபேன் மோட்டாருக்கு அடியிலிருந்து முறுக்குப் பிடி கரண்டி ஒன்று, 120 ரூபாய்க்கு எடுத்தேன்.

என் அப்பா என்னை மூர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போவார். 1900-இல் திறந்த அந்தச் செங்கல் கட்டடம் 1985-இல் எரிந்துபோனது. சென்ட்ரல் பக்கம் இப்போது புறநகர் ரயில் ஏறுகிற பிள்ளைகளுக்கு அது வெறும் பெயர். எதைக் கையில் எடுத்தாலும் அப்பா முதலில் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் விலை கேட்பார். இந்தப் பகுதிக்குத் தலைப்பு வைக்கச் சொன்னபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

பழைய புடவை விற்பனையில் அரக்குக் கலரில் காஞ்சிபுரம் ஒன்று 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். ஜரிகை கறுத்திருக்கிறது. போலி ஜரிகை என்கிறாள் என் நாத்தனார். ஏமாந்துவிட்டேனா?
– ஆர்.கே., விழுப்புரம்

கறுத்ததற்குச் சந்தோஷப்படுங்கள். கைத்தறிப் புடவைக் கடையில் 31 வருடம் கவுன்டருக்குப் பின்னால் நின்றவள் சொல்கிறேன். அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் கொடுத்தது. முலாம் தேயத் தேய வெள்ளி வெளியே வரும். வெள்ளிக் குத்துவிளக்கு பூஜை அறையில் கறுக்கிற மாதிரி அதுவும் கறுக்கும். நாற்பது வருடம் ஆகியும் நேற்று வாங்கியது போல் மினுங்குகிற ஜரிகையைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் முந்தானைக் குஞ்சத்திலோ ஓரத்திலோ நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஜரிகை இழையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் நல்ல அறிகுறி. செம்பு நிறம் தெரிந்தால் செம்புக் கம்பி. வெள்ளையாக மீன் நரம்பு மாதிரி வந்தால் பிளாஸ்டிக். அப்படியே ஒரு பட்டு இழையையும் உருவி, சமையலறைத் தொட்டிக்கு மேல் வைத்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருண்டு கட்டியாகிக் கடினமாக நின்றால் பாலியஸ்டர். புடவையையே அடுப்பிடம் கொண்டு போகாதீர்கள். போன வருடம் ஒருவர் அப்படிச் செய்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதினார்.

இதெல்லாம் நூல் பரீட்சை. நான் பார்ப்பது நெசவை. புடவையைத் திருப்பிப் போட்டு, கரையும் உடலும் சேரும் இடத்தைப் பாருங்கள். உடல் அரக்கு, கரை பச்சை என்று வைத்துக்கொள்வோம். கரைக்குள் அரக்கு கலக்காமல் சுத்தப் பச்சையாக இருந்து, சேரும் கோட்டில் இரண்டு நிற ஊடும் (குறுக்கு இழை) ஒன்றை ஒன்று கொக்கி போட்டுக்கொண்டு நின்றால் அது கோர்வை. தறியில் மூன்று நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை) ஓடும், பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். முந்தானை தொடங்கும் இடத்தில் லேசாக வரிவரியாகச் சுருங்கியது போல் ஒரு பட்டை தெரிகிறதா? அது பிட்னி. உடலின் பாவு நூலை (நீள இழை) அறுத்து முந்தானைப் பாவோடு இழை இழையாகச் சேர்த்த தடம். புதுப்புடவை வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்து ‘டேமேஜா மேடம்?’ என்று கேட்பார்கள். வேலைப்பாடே அங்கேதான் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போனது.

இங்கேதான் பழைய புடவையில் லாபம் இருக்கிறது, கவனியுங்கள். ‘பழைய பட்டுப்புடவை வாங்கறது’ என்று தெருவில் குரல் கொடுத்து வருகிறவர் ஜரிகையைத்தான் வாங்குகிறார். வெள்ளிக்காக எரிக்கப் போகிற துணி அது. அவர் கணக்கில் கோர்வைக்கு விலை கிடையாது, பிட்னிக்குக் கிடையாது, மயில்கழுத்து நிறத்துக்கும் கிடையாது. சந்தையில் பழைய பட்டின் விலையும் ஏறக்குறைய அந்தக் கணக்கையே ஒட்டிப் போகிறது. ஆகவே பட்டை பட்டையாக ஜரிகை போட்ட கல்யாணப் புடவை விலை ஏறி நிற்கும். மெல்லிய கரை, உடலில் சின்னக் கட்டம், அசல் கோர்வை என்று நம் பாட்டிமார் வெள்ளிக்கிழமைகளில் கட்டிய புடவை மலிவாகக் கிடக்கும். நான் அதைத்தான் எடுப்பேன்.

வாங்குமுன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். பழைய பட்டு மடிப்பில்தான் வெட்டும். மடிப்பு ஓரத்தில் இரண்டு கட்டைவிரலாலும் மெதுவாக இழுத்துப் பார்த்து, ‘சர்’ரென்று சத்தம் வந்தால் கீழே வைத்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். கொசுவம் வருகிற இடத்தில் அடிக்கரை தேய்ந்திருப்பது பரவாயில்லை, ஃபால்ஸ் தைத்தால் போயிற்று. உங்கள் 1,800 ரூபாய் வீணில்லை என்றுதான் நினைக்கிறேன். நாத்தனாரிடம் நகத்தால் சுரண்டிக் காட்டுங்கள்.

சொல்கிற விலையில் பாதிக்குக் கேட்கலாமா?
– பி.எம்., ஈரோடு

கேட்கலாம். ஆனால் ‘இதில் என்ன இருக்கிறது, குப்பை’ என்று பொருளைப் பழித்துக்கொண்டே கேட்காதீர்கள். குப்பை என்றால் உங்களுக்கு எதற்கு? பத்து, ஐம்பது ரூபாய் நோட்டுகளாகக் கொண்டு போங்கள். 500 ரூபாயை நீட்டிவிட்டு 80 ரூபாய்க்குப் பேரம் பேசினால் அவருக்கு மட்டுமல்ல, எனக்கே கோபம் வரும்.

ஜனதா வாட்ச் ஒன்று சிவப்பு டயலில் புத்தம் புதிதாக இருக்கிறது. 1,500 சொல்கிறார். வாங்கலாமா அம்மா?
– ஜி.டி., ஓசூர்

தம்பி, ‘புத்தம் புதிதாக’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஜனதாவைச் செய்த அரசுக் கம்பெனி ஹெச்எம்டி. அது 1961-இல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. வாட்ச் பிரிவை மூடிவிட 2016 ஜனவரியில் மத்திய அரசு முடிவெடுத்தது. மூடிய பிறகுதான் நம் ஆட்களுக்குப் பாசம் பொங்கியது. பாசம் பொங்கினால் பெயின்ட் டப்பாவும் திறக்கும். பழைய டயலைச் சுரண்டி, சிவப்பும் பச்சையும் அடித்து, எழுத்தை மறுபடி அச்சடித்து விற்கிறார்கள்.

லென்ஸ் வைத்துப் பாருங்கள். எழுத்தின் விளிம்பு மை ஊறியது போல் தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேராக நிற்காது. அப்புறம் பின்மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். ஜனதா சாவி கொடுக்கிற வாட்ச், உள்ளே இயந்திரத்தில் 17 சின்னக் கல். முழுச் சாவி கொடுத்து வைத்தால் மறுநாள் காலையிலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மங்கி மஞ்சளேறிய வெள்ளை டயல், கீறல் விழுந்த கண்ணாடி, பழைய ஓனர் பெயர் பின்னால் பொறித்தது – இப்படி ஒன்றைத் தேடுங்கள். கண்ணாடி மாற்றுவது சின்ன வேலை.

ஈயச்சொம்பு சந்தையில் 700 கிராம் கிடைத்தது. இதில் ரசம் வைக்கலாமா, காரீயம் கலந்திருந்தால் என்ன செய்வது?
– எல்.ஜே., மாயவரம்

கேட்டதற்கு நன்றி. நிறையப் பேர் கேட்காமலே வைத்துவிடுகிறார்கள். ரசத்துக்கு ஆகிற ஈயம் வெள்ளீயம். காரீயம் விஷம், அதிலும் புளித்தண்ணீர் அதைக் கரைத்து இழுக்கும். முதல் பரீட்சை: வெள்ளைத் தாளில் அழுத்தித் தேயுங்கள். பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுந்தால் காரீயம் இருக்கிறது.

இரண்டாவது, கொஞ்சம் கணக்கு. ஒரு பாத்திரத்தில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, சொம்பை உள்ளே காற்று நிற்காமல் முழுக்க அமிழ்த்துங்கள். வழிந்த தண்ணீரை அளவுக் குவளையில் பிடியுங்கள். சுத்த வெள்ளீயம் 700 கிராமுக்குக் கிட்டத்தட்ட 96 மில்லி வழிய வேண்டும். வெறும் காரீயமானால் 62 மில்லிதான். எண்பதுக்குப் பக்கத்தில் வந்தாலும் கலப்படம்தான். அதில் பேனா போட்டு வையுங்கள். 90-க்கு மேல் வந்தாலும் சமைக்குமுன் உலோகப் பரிசோதனை செய்யும் இடத்தில் ஒருமுறை காட்டிவிடுவதே புத்திசாலித்தனம், வயிற்று விஷயம். நல்லதாகவே இருந்தாலும் வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு ஃபோன் பேசப் போகாதீர்கள். 232 டிகிரியில் உருகிவிடும். என் மாமியார் வீட்டில் அடுப்பு பர்னருக்குள் இன்னமும் ஒரு சொம்பு இருக்கிறது.

லண்டனில் ஞாயிறு தோறும் கார் பூட் விற்பனைக்கு (கார் டிக்கியில் வைத்துப் பழைய சாமான் விற்கும் சந்தை) போவேன். லூயி விட்டான் என்ற விலையுயர்ந்த கம்பெனிக் கைப்பை ஒன்று 40 பவுண்டுக்கு இருந்தது. உள்ளே எண் இருந்தது, ஆனாலும் பயந்து விட்டுவிட்டேன். சரிதானா?
– என்.ஆர்., ஈஸ்ட் ஹாம்

நான் புடவைக்காரி. ஆனாலும் தையல் தையல்தானே. 1980-களின் தொடக்கத்திலிருந்து 2021 வரை அந்தக் கம்பெனி எழுத்தும் எண்ணுமாக ஒரு குறி பொறித்தது, அப்புறம் சிப்புக்கு மாறிவிட்டது. போலி செய்கிறவனுக்கும் அந்தக் குறியைப் பொறிக்கத் தெரியும் என்பதால் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. கைப்பிடியைப் பாருங்கள். அந்தப் பழுப்புப் பைகளில் உடல் பூச்சு பூசிய கான்வாஸ், பிடியும் ஓரமும் சாயம் போடாத இயற்கை நிறத் தோல். கைபட்டு வெயில்பட்டு அது தேன் நிறத்துக்கு இருண்டுபோகும். உள்துணி பழசாகி, பிடி மட்டும் வெளிறிக் கிடந்தால் ஒன்று பிடியை மாற்றியிருக்கிறார்கள், அல்லது கதையே வேறு. 40 பவுண்டு போனாலும் பரவாயில்லை என்று இருந்தால் வாங்கலாம், பயந்துகொண்டே வாங்க வேண்டாம்.

அங்கே பழைய ஜீன்ஸ் குவியல் கண்ணில் பட்டால் பின் பாக்கெட்டில் தைத்த லீவைஸ் சிவப்புப் பட்டியைத் திருப்பிப் பாருங்கள். பெயரிலுள்ள ‘இ’ பெரிய எழுத்தாக இருந்தால் 1971-க்கு முந்தியதாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்கிறேன், ஏனென்றால் பழைய மாதிரியையே கம்பெனி மறுபடி தைத்தும் விற்கிறது.

காரைக்குடியில் எனாமல் தட்டுகள் பார்த்தேன். எவ்வளவு பழசு என்று எப்படித் தெரியும்?
– டி.எஸ்., மதுரை

முனீஸ்வரன் கோவில் தெருதானே? கவிழ்த்துப் பாருங்கள், நாட்டின் பெயர் இருக்கும். ஸ்வீடன் என்று இருந்தால் செட்டியார் வீட்டுச் சீர்வரிசையில் வந்ததாக இருக்கலாம். ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்றால் 1918-க்கு முன்னால் இருக்க வழியில்லை, நாடே அப்போதுதான் பிறந்தது. ‘மேற்கு ஜெர்மனி’ என்றால் 1949-க்குப் பிறகு. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்று இருந்தால் விடாதீர்கள், போருக்குப் பின் 1952 வரைதான் அந்த முத்திரை. எனாமல் தெறித்த தட்டைச் சுவரில் மாட்டுங்கள், சோறு போடாதீர்கள்.

சின்ன ஐம்பொன் அம்மன் சிலை, ரொம்பப் பழசு, மலிவாகத் தருகிறேன் என்கிறார் ஒருவர்.
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

வேண்டாம். நூறு வருடம் தாண்டிய சிலை 1972-ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள், பதிவு வேண்டும். அதைவிட, எந்தக் கோவிலிலிருந்து வந்தது என்று யோசியுங்கள்.

நீங்கள் ஏமாந்ததே இல்லையா?
– எம்.ஏ., ஆம்பூர்

இதைக் கேட்க யாராவது வருவார்கள் என்று தெரியும். ஒரு சந்தையில், பேர் எதற்கு, பார்க்கர் 51 பேனா. 1941-இல் வந்த மாடல், நிப்பு மூக்கு நுனி மட்டும் வெளியே தெரியும். அப்பாவிடம் ஒன்று இருந்தது, பஸ்ஸில் பறிகொடுத்தார். மூடியில் பார்க்கர் என்று தெளிவாக இருந்தது. கை நடுங்கிப்போய், உடலைத் திருகித் திறக்காமலே 900 ரூபாய் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து திறந்தால் உள்குழாயில் சீன எழுத்து. ஹீரோ பேனா! பத்தாம் வகுப்பில் எங்கள் பெஞ்சில் எல்லோரும் வைத்திருந்த அதே ஹீரோ.

மூடி மட்டும் அசல் பார்க்கர், லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டேன். இந்தப் பதில்களை அந்த ஹீரோவில்தான் எழுதுகிறேன், வஞ்சனையில்லாமல் எழுதுகிறது. உங்களில் யாரிடமாவது மூடி தொலைந்த 51 இருந்தால் பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி போடுங்கள். திருகித் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.