ஏற்றத்தில் வியர்வை, இறக்கத்தில் நடுக்கம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அருவங்காட்டில் குடியிருக்கிறேன், வேலை உதகையில். வெயில் காலத்தில் தொடங்கிய சைக்கிள் பழக்கத்தைப் பனிக்காலத்திலும் விட மனமில்லை. கடைக்காரர் சொன்னபடி, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த தடித்த ஜாக்கெட் ஒன்றை வாங்கினேன். காலையில் எல்லநள்ளி வருவதற்குள் உள்சட்டை நனைந்துவிடுகிறது. மாலையில் இறங்கும்போது அதே ஜாக்கெட்டுக்குள் நடுங்குகிறேன். இதைவிடத் தடிப்பாக ஒன்று வாங்க வேண்டுமா?
– வாசகர், அருவங்காடு

பதில்: வேண்டாம், இதைவிட மெல்லியதாக வாங்குங்கள். கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. அவர் கொடுத்தது பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்கான ஜாக்கெட், அந்த வேலைக்கு நல்ல ஜாக்கெட்டும்கூட. நிற்பவருக்கும் மிதிப்பவருக்கும் குளிர் ஒன்றாக இருந்தாலும் உடம்பு ஒன்றல்ல.

மிதிக்கும்போது நம் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. மீதி முழுவதும் வெப்பமாக உடம்பிலேயே தங்குகிறது. உங்கள் ஊரை அடுத்த குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலும் உதகை 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. அந்த ஏற்றத்தை மெதுவாக மிதித்து ஏறுபவர் மீது காற்றும் அதிகம் படுவதில்லை என்பதால், வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தாலும் ஜாக்கெட்டுக்குள் வியர்த்துக் கொட்டும். அந்த வியர்வையைப் பஞ்சு குடித்துக்கொள்கிறது. காற்றைவிட நீர் 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது. ஆகவே நனைந்த பஞ்சு உங்கள் சூட்டைக் காப்பதை விட்டுவிட்டு வெளியே எடுத்துக்கொண்டு போகிறது. மாலையில் நிலைமை தலைகீழாகிறது. இறக்கத்தில் மிதிக்கும் வேலையில்லை, உடம்பில் புதிய சூடு பிறப்பதில்லை, காற்றோ முகத்தில் அறைகிறது. வெப்பநிலை 5 டிகிரி இருக்கும்போது 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், மூடாத தோலுக்கு அது 0 டிகிரிக்கும் கீழான குளிராகவே படும். காலையில் ஊறிய ஜாக்கெட் மாலைக்குள் காயாமல் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே சைக்கிள் ஜாக்கெட்டிடம் நாம் கேட்க வேண்டியது சூட்டை அன்று. சூட்டை உடம்பே உண்டாக்கிக்கொள்ளும். ஜாக்கெட் முன்பக்கம் காற்றைத் தடுத்து, பின்பக்கமும் அக்குள் பக்கமும் ஆவியை வெளியே விட்டால் போதும். கடையில் இதைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. மார்புப் பகுதித் துணியை உதட்டோடு ஒட்டிப் பிடித்து ஊதுங்கள். மறுபக்கம் உங்கள் மூச்சு உள்ளங்கையில் படக்கூடாது. பிறகு முதுகுப் பகுதியை அதேபோல் ஊதுங்கள். அங்கே ஓரளவு பட வேண்டும். இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டால் அது மழைக்கோட்டு. இரண்டு பக்கமும் விட்டால் அது ஸ்வெட்டர்.

அடுத்து ஜிப். கழுத்திலிருந்து இடுப்பு வரை முழுதாகத் திறப்பதாகவும், கையுறை போட்ட விரலுக்கு அகப்படும் அளவுக்கு நீண்ட பிடி கொண்டதாகவும் இருக்க வேண்டும். ஜிப்பின் பல்லிடுக்கு வழியாகவும் காற்று நுழையும் என்பதால் அதன் பின்னால் ஒரு துணிப்பட்டை தைத்திருக்கிறதா என்று பாருங்கள். மலிவான ஜாக்கெட்டுகளில் முதலில் விட்டுவிடுவது இதைத்தான். அக்குளின் கீழ் தனி ஜிப் வைத்த ஜாக்கெட் கிடைத்தால், நம் மலைக்கு அதைவிடப் பயனுள்ளது வேறில்லை. கூடுதல் பணம் கொடுப்பதானால் அதற்குத்தான் கொடுப்பேன். நிறுவனத்தின் பெயருக்கு அன்று.

அளவு பார்க்கும்போது கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்காதீர்கள். ஒரு நாற்காலியின் முதுகைக் கைப்பிடியாக நினைத்துக் குனிந்து பிடியுங்கள். அந்த நிலையில் மணிக்கட்டு வெளியே தெரியக்கூடாது, பின்பக்கம் இடுப்புக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், வயிற்றருகே துணி மடிந்து உப்பக்கூடாது. நிற்கும்போது சற்று விநோதமாகத் தோன்றும் ஜாக்கெட்தான் பெரும்பாலும் சைக்கிளில் சரியாக உட்காரும்.

உள்ளே பருத்திப் பனியன் வேண்டாம். அது குடித்த வியர்வையை எளிதில் விடாது. பாலியஸ்டரோ மெல்லிய மெரினோ கம்பளியோ போட்டுக்கொள்ளுங்கள். உதகையின் திபெத்தியச் சந்தையில் கிடைக்கும் கம்பளி ஸ்வெட்டரும் இதற்கு உதவும். தனியாகப் போட்டால் பின்னல் கண்களின் வழியே காற்று தாராளமாகப் போய்வரும். மேலே காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலுறையான விண்ட்சீட்டர் ஒன்றை மாட்டிவிட்டால் இரண்டுமாகச் சேர்ந்து தடித்த ஜாக்கெட்டை வென்றுவிடும். காலையில் விண்ட்சீட்டரைச் சுருட்டி முதுகுப் பையில் வைத்து ஏறுங்கள். மாலையில் கிளம்பும் முன்பே, நடுங்கத் தொடங்குவதற்கு முன், போட்டு மூடிக்கொள்ளுங்கள். புறப்பட்ட முதல் சில நிமிடங்கள் லேசாகக் குளிர்ந்தால்தான் உடுத்தியது சரி. அலுவலகத்தில் மாற்றுப் பனியன் ஒன்று இருக்கட்டும்.

ஒருநாள் எல்லாவற்றையும் மறந்து கிளம்பிவிட்டால், நாளிதழ் ஒன்றை விரித்துச் சட்டைக்கும் மார்புக்கும் நடுவே செருகிக்கொள்ளலாம். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தய வீரர்கள் மலை உச்சியில் பார்வையாளர்கள் நீட்டும் செய்தித்தாளை வாங்கிச் செருகிக்கொண்டு இறங்குவது பழைய வழக்கம். ஆசிரியர் மன்னிக்க வேண்டும்: இதற்கு நம் இதழின் வழவழப்புத் தாள் அவ்வளவாகப் பயன்படாது.

கேள்வி: மழைக்கான சைக்கிள் ஜாக்கெட்டின் சீட்டில் 10,000 என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். ஐப்பசி மழையில் உள்ளே ஈரமாகிவிட்டது. போலிச் சரக்கா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்த எண், துணியின் மீது எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் கசியத் தொடங்கும் என்பதைக் குறிக்கிறது. அதோடு இன்னோர் எண்ணும் இருக்க வேண்டும்: 24 மணி நேரத்தில் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் நீராவியை வெளியே விடுகிறது என்பது. சாதாரண பிளாஸ்டிக் கோட்டும் முதல் தேர்வில் தேறிவிடும், இரண்டாவதில்தான் தோற்கும். சீட்டில் ஒரே எண் இருந்தால் விற்பவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேளுங்கள்.

உங்களை நனைத்தது மழையா வியர்வையா என்பதையும் பாருங்கள். தோள் தையலை ஒட்டி மட்டும் ஈரமென்றால் மழை; உட்புறத் தையல்களின் மீது பட்டை ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். கையின் உட்புறமும் முதுகும் ஒரே சீராக நனைந்திருந்தால் அது உங்கள் வியர்வைதான். வடகிழக்குப் பருவமழையின்போது கோத்தகிரிப் பக்கம் காற்றே ஈரத்தில் நிறைந்திருப்பதால், நீரைத் தடுத்து ஆவியை மட்டும் விடும் மெல்லிய படலம் வைத்த விலையுயர்ந்த சவ்வுத் துணியும் ஆவியை வெளியேற்றத் திணறும். மேல்துணி நீரைக் குடித்துவிட்டால் திணறல் இன்னும் கூடும். ஆகவே நீர்த்துளி மேலே முத்தாக உருளாமல் துணிக்குள் பரவத் தொடங்கிய உடனே ஜாக்கெட்டைத் துவைத்து, நீர் ஒட்டாத பூச்சை மீண்டும் ஏற்ற வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவத்தை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அது அந்தப் பூச்சைக் கெடுத்துவிடும். கொட்டும் மழையில் மலையேறி முற்றிலும் காய்ந்தபடி வீடு சேர எந்த ஜாக்கெட்டும் உதவாது. நனைந்தாலும் குளிராமல் சேர்க்கும் ஜாக்கெட் நல்ல ஜாக்கெட்.

கேள்வி: மகள் விடியலில் சைக்கிளில் டியூஷன் போகிறாள். பனிமூட்டத்தில் தெரிய எந்த நிற ஜாக்கெட் நல்லது?
– வாசகி, குன்னூர்

பதில்: பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் பகல் வெளிச்சத்தில்தான் வேலை செய்யும், சூரிய ஒளியின் புறஊதாக் கதிரை வாங்கித்தான் அவை அப்படி ஒளிர்கின்றன. விடியுமுன் வண்டிகளின் விளக்கொளியைத் திருப்பி அனுப்பும் வெள்ளிப் பட்டைகளே தேவை. ஜாக்கெட்டின் முதுகில் பட்டை இருந்தும் பயனில்லை, புத்தகப்பை அதை மறைத்துவிடும்; பையின் மீதே ஒரு பட்டையைத் தைத்துவிடுங்கள். இரண்டு கணுக்காலிலும் ஒவ்வொன்று கட்டிவிட்டால், மிதிக்கும்போது அவை மேலும் கீழும் அசைவதைப் பார்த்தே ஓட்டுநர் சைக்கிள் என்று தெரிந்துகொள்வார். ஹெல்மெட்டுக்குள் மங்கி கேப் மட்டும் வேண்டாம். ஹெல்மெட் சரியாக உட்காராது. காதை மூடும் மெல்லிய பட்டை போதும்.