மோஸ்லியின் ஞாயிற்றுக்கிழமை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்தரங்க உரிமை பற்றிய கட்டுரையில் மேக்ஸ் மோஸ்லி வழக்கை முன்மாதிரியாகச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஃபார்முலா ஒன் பந்தயத்தை ஆளும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் தலைவராக இருந்தவர் அவர். அணிகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் ஒழுங்கு விதித்தவர். பிரிட்டிஷ் பாசிஸ்ட் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லியின் மகன் வேறு. அப்படிப்பட்டவர் நாஜி வேடக் கேளிக்கை நடத்தினால் ஒரு பத்திரிகை அதை எழுதாமல் இருக்க முடியுமா? பதவியில் இருப்பவருக்கு ஏது தனி வாழ்க்கை? தவிர, வழக்காட அவரிடம் பணம் இருந்தது. நம்மைப் போன்றவர்களுக்கு இந்தத் தீர்ப்பால் என்ன பயன்?

கே., திருநெல்வேலி

அன்புள்ள கே.,

'நாஜி வேடக் கேளிக்கை' என்கிறீர்கள். அப்படி ஒன்று நடக்கவில்லை என்று நீதிமன்றம் சாட்சிகளை விசாரித்துச் சொன்ன பிறகும், உங்கள் கடிதத்தில் அது நடந்த செய்தியாகவே வந்திருக்கிறது. நான் இந்த வழக்கைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணமே இதுதான்.

2008 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. லண்டன் செல்சி பகுதியில் ஒரு குடியிருப்பில் மோஸ்லியும் ஐந்து பெண்களும் சந்தித்தார்கள். எல்லோரும் வயது வந்தவர்கள், எல்லோரும் சம்மதித்து வந்தவர்கள். அந்தப் பெண்களில் ஒருவரிடம் 'நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்' என்ற பிரிட்டிஷ் ஞாயிறு பத்திரிகை ரகசியக் கேமராவைக் கொடுத்து அனுப்பியிருந்தது. 25,000 பவுண்டு பேசி, கடைசியில் 12,000 கொடுத்தது. அனுப்புவதற்கு முன் நிருபர் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது பின்னர் நீதிமன்றத்தில் வெளிவந்தது: மோஸ்லியை நாஜி வணக்கம் செய்ய வைக்கும்போது இரண்டரை, மூன்று மீட்டர் தள்ளி நின்றால்தான் படத்தில் விழுவார். கேமரா உள்ளே போவதற்கு முன்பே செய்தி தயாராகிவிட்டது. அந்த வணக்கமோ பதிவில் வரவே இல்லை.

பதிவில் இருந்தவை ஜெர்மன் மொழிப் பேச்சும், கோடு போட்ட கைதி உடையும், சீருடை மாதிரியான ஒரு மேல்சட்டையும் போன்றவைதான். அந்த ஜெர்மன் பேச்சை, நாஜிக் கேளிக்கை என்று பத்திரிகை போட்ட முதல் செய்தி அச்சாவதற்கு முன் யாரும் மொழிபெயர்த்துப் பார்க்கவில்லை. நீதிபதி டேவிட் ஈடி 2008 ஜூலை 24 அன்று தந்த தீர்ப்பில், இது நாஜி நடத்தையைப் போல நடித்ததற்கோ அந்த மனப்போக்கை ஏற்றதற்கோ சான்று இல்லை என்றார்.

'நாஜி' என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பத்திரிகை அவ்வளவு பாடுபட்டது ஏன் என்று பாருங்கள். அவதூறு வழக்கில் எழுதியது உண்மை என்று நிரூபித்தால் பத்திரிகை தப்பிக்கலாம். அந்தரங்க வழக்கில் உண்மை என்பது பதிலே ஆகாது. அங்கே நீதிமன்றம் கேட்பது இரண்டு கேள்விகள். இந்த விஷயம் வெளியே வராது என்று அந்த மனிதர் எதிர்பார்ப்பது நியாயமா? நியாயம் என்றால், அதை மீறும் அளவுக்குப் பொதுநலன் எதுவும் இதில் இருக்கிறதா? சம்மதத்தோடு நடந்த பாலுறவு முதல் கேள்வியை எளிதாகத் தாண்டிவிடும். இரண்டாவது கேள்வியில் பத்திரிகைக்கு இருந்த ஒரே பிடி 'நாஜி'. யூத இனப்படுகொலையைக் கேலி செய்தது உண்மையாக இருந்திருந்தால் அதை எஃப்.ஐ.ஏ.வுக்காவது தெரிவிப்பதில் பொதுநலன் இருந்திருக்கலாம் என்று ஈடியே ஒப்புக்கொண்டார். உண்மையாக இல்லை. எனவே பொதுநலனும் இல்லை.

பதவியில் இருப்பவருக்குத் தனி வாழ்க்கை ஏது என்று கேட்டீர்கள். அவரைக் கேள்வி கேட்க வேண்டிய விஷயங்கள் நிறையவே இருந்தன. அவர் தலைமையில் எஃப்.ஐ.ஏ. ஃபார்முலா ஒன்னின் வணிக உரிமையை 100 ஆண்டுகளுக்கு, அந்தப் பந்தயத்தின் வணிகத்தை நடத்திய பெர்னி எக்கிள்ஸ்டனின் நிறுவனத்துக்குச் சுமார் 30 கோடி டாலருக்குக் குத்தகை விட்டது. 2007-ல் மெக்லாரன் அணிக்கு 10 கோடி டாலர் அபராதம் போட்டது. இவற்றில் யார் லாபம் பார்த்தார்கள், முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று தோண்டுவதற்கு ஆவணம் படிக்க வேண்டும், மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். ஒரு விளையாட்டு அதிகாரியைப் பற்றி வாசகர் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான். அவருடைய தந்தையின் அரசியலை இழுத்தீர்கள். அதிலும் தேட இடம் இருந்தது. 2018-ல் 'டெய்லி மெயில்' ஒரு பழைய துண்டறிக்கையைத் தேடி எடுத்தது. 1961-ல் மான்செஸ்டர் மாஸ் சைட் இடைத்தேர்தலில், தந்தையின் கட்சி வேட்பாளருக்காக வெளியிடப்பட்டது. கறுப்பினக் குடியேறிகளை நோயோடு சேர்த்துப் பேசியது. வெளியிட்டவர் என்ற இடத்தில் மேக்ஸ் மோஸ்லியின் பெயர். பொதுவெளியில், பொது மக்களிடம் ஓட்டு கேட்டுக் கொடுத்த தாள் அது. அதை வெளியிட்டதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். படுக்கையறையையும் தேர்தல் துண்டறிக்கையையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்பதுதான் என் வாதம்.

உங்கள் கடிதத்தில் வராத சிலர் இருக்கிறார்கள், அந்தப் பெண்கள். முதல் செய்தி வந்த பிறகு அவர்களில் இருவருக்கு அதே நிருபர் மின்னஞ்சல் அனுப்பினார். பேட்டி கொடுத்தால் முகத்தை மறைத்துப் போடுவோம், 8,000 பவுண்டு தருவோம். கொடுக்காவிட்டால் முகம் மறைக்காத படம். இதை மிரட்டிப் பணிய வைப்பதற்கு நிகரானதாக நீதிபதி பார்த்தார். அவர்கள் எந்த அமைப்புக்கும் தலைவர்கள் இல்லை. பொதுநலன் என்ற வாதத்தின் நிழல்கூட அவர்கள்மேல் விழாது. ஒருவரை அம்பலப்படுத்தும்போது பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்து அம்பலமாகிறார்கள், அவர்களுக்கு வழக்குப் போட வசதியும் இருக்காது. நால்வர் பெயர் மறைத்து, எழுத்துக் குறியீடுகளோடு வந்து மோஸ்லிக்காகச் சாட்சி சொன்னார்கள். படம் பிடித்தவர் சாட்சிக் கூண்டுக்கு வரவில்லை.

இப்போது முக்கியமான இடம். மோஸ்லி வென்றார், ஆனால் எதைத் தடுத்தார்? மார்ச் 29 சனிக்கிழமை இரவு அச்சான முதல் பதிப்பில் இந்தச் செய்தி வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை. முதல் பதிப்பைப் பார்த்துவிட்டு வழக்கறிஞர் இரவோடு இரவாக நீதிபதியை எழுப்பித் தடை வாங்கிவிடக் கூடும் என்ற பயம். பிந்தைய பதிப்புகளில்தான் முதல் பக்கத்தில் வந்தது. மோஸ்லிக்கு ஞாயிறு காலையில்தான் தெரியும். விற்பனை முப்பது லட்சத்துக்கும் மேல். இணையத்தில் ஏற்றிய காணொளியை முதல் இரண்டு நாளில் சுமார் 14 லட்சம் முறை பார்த்திருந்தார்கள். பத்திரிகை அதை மார்ச் 31-ல் தானாக எடுத்தது. திரும்ப ஏற்றுவதைத் தடுக்கக் கேட்ட மனுவை ஏப்ரல் 9 அன்று அதே ஈடி தள்ளுபடி செய்தார். காணொளி அந்தரங்கத்தை மீறுகிறது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அணை உடைந்துவிட்டது, இனித் தடை போட்டு எதைக் காப்பது என்பதே காரணம். அதாவது, எவ்வளவு வேகமாகப் பரப்புகிறாயோ அவ்வளவு பாதுகாப்பு உனக்கு. இந்த ஓட்டைதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

நஷ்டஈடு 60,000 பவுண்டு. அந்தரங்க வழக்கில் பத்திரிகையைத் தண்டிக்கும் நோக்கில் கூடுதல் தொகை போட இடமில்லை என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. வழக்குச் செலவில் சுமார் 4,20,000 பவுண்டை எதிர்த்தரப்பு தந்தது. அவருடைய வழக்கறிஞர் கட்டணம் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. நாடாளுமன்றக் குழுவிடம் அவரே சொன்ன கணக்குப்படி, வென்ற பிறகும் சுமார் 30,000 பவுண்டு கைநஷ்டம். பதவி தப்பியது: ஜூன் 3 அன்று பாரிஸில் எஃப்.ஐ.ஏ. பொதுச்சபை 103-க்கு 55 என்று அவரை ஆதரித்தது.

எனவே அவர் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு ஒரே கோரிக்கையோடு போனார். ஒருவரின் அந்தரங்கத்தை எழுதுமுன் அவருக்குத் தகவல் தர வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். தகவல் வந்தால் அவர் நீதிமன்றம் போகலாம், நீதிபதி முடிவு செய்யட்டும். 2011 மே 10 அன்று அந்த நீதிமன்றம் மறுத்தது. பத்திரிகை நடந்துகொண்ட விதத்தைக் கடுமையாகவே விமர்சித்தது. ஆனால் அப்படி ஒரு சட்டம் வந்தால், பொதுநலன் இருப்பதாக நம்பும் பத்திரிகைக்கு விலக்கு தர வேண்டியிருக்கும், எல்லோரும் அந்த விலக்கைச் சொல்வார்கள். சிறிய அபராதம் என்றால் கட்டிவிட்டு எழுதுவார்கள். பெரிய அபராதம் என்றால் நேர்மையான புலனாய்வும் அஞ்சி ஒடுங்கும்.

மோஸ்லிமேல் எனக்கு இவ்வளவு பரிவு இருந்தும், இந்த மறுப்பு சரி என்றே நினைக்கிறேன். காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. 1994-ல் மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' வெளியிட முனைந்தபோது, சிறைத்துறை கடிதம் எழுதித் தடுக்கப் பார்த்தது. அதிகாரிகளுக்கும் அவனுக்கும் இருந்த தொடர்பு அதில் வருவதாக இருந்தது. அவதூறு வரும் என்ற அச்சத்தில் முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்புதான் அந்தரங்க உரிமையை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவோடு சேர்த்து, பொது ஆவணத்தில் இல்லாத சொந்த வாழ்க்கையைச் சம்மதமின்றி எழுதினால் நஷ்டஈடு கேட்கலாம் என்றும் சொன்னது. முன்தகவல் கட்டாயச் சட்டம் அன்று இருந்திருந்தால் யார் முதலில் பயன்படுத்தியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டமாக வேண்டாம், செய்தி அறையின் வழக்கமாக வேண்டும். எழுதப்படுபவரிடம் கேட்காமல் போடுவது என்று முடிவெடுத்தால், யார், எப்போது, என்ன காரணத்தால் முடிவெடுத்தார் என்று எழுதி வைக்கட்டும். தடை வாங்கிவிடுவார் என்பது மட்டும் காரணமாக இருக்கக் கூடாது. ஆதாரத்தை அழிப்பார், சாட்சியை மிரட்டுவார் என்றால் அது காரணம்.

ஓட்டையைப் பாதியாவது அடைத்தது 2016-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம். பி.ஜே.எஸ். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒருவரின் வழக்கு அது. வெளிநாட்டு இணையத்தில் பெயர் வந்துவிட்டது, ஆனாலும் தடை நீடிக்கும் என்றது. ரகசியம் போய்விட்டாலும் ஊடுருவல் தொடர்கிறது, முதல் பக்கத்தில் மறுபடி போடுவது புதிய காயம் என்ற விளக்கம் 2008-ல் கிடைத்திருக்க வேண்டியது. இதற்கிடையே மோஸ்லி தேடுபொறியோடு போராடினார். பாரிஸ் நீதிமன்றம் 2013-ல் ஒன்பது படங்களையும் ஹாம்பர்க் நீதிமன்றம் 2014-ல் ஆறு படங்களையும் தேடல் முடிவில் வராமல் வடிகட்டக் கூகுளுக்கு உத்தரவிட்டன. ஒவ்வொரு முகவரியாகப் புகார் செய்வதில் பயனில்லை, நீக்கிய மறுநாள் வேறு தளத்தில் முளைக்கும் என்பதால்தான் படத்தையே அடையாளம் கண்டு வடிகட்டச் சொன்னார்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு இதிலேதான் பதில் இருக்கிறது. அந்த வேலைக்கு இன்று பணம் வேண்டாம். 'ஸ்டாப்-என்.சி.ஐ.ஐ.' என்ற இலவசச் சேவை உங்கள் கைபேசியிலேயே படத்தின் எண்-கைரேகையை, அதாவது படத்தை அடையாளம் காட்டும் எண் தொடரை, உருவாக்கி, அதை மட்டும் தளங்களுக்கு அனுப்பி, பொருந்தும் படத்தைத் தடுக்கச் சொல்கிறது. படம் உங்களை விட்டுப் போவதில்லை. இதில் சேர்ந்துள்ள தளங்களில் மட்டுமே பலிக்கும், படத்தை வெட்டியோ மாற்றியோ ஏற்றினால் கைரேகை பொருந்தாமல் போகலாம். எனவே திருத்திய வடிவம் கண்ணில் பட்டால் அதையும் சேர்க்க வேண்டும்.

யாருக்காவது இப்படி நேர்ந்தால் முதலில் நீக்கச் சொல்லாதீர்கள். முழு முகவரி, ஏற்றிய கணக்கின் பெயர், தேதியும் நேரமும் தெரியும் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), இவற்றை எடுத்து வைத்த பிறகே புகார். நீக்கிவிட்டால் ஆதாரமும் போய்விடும், பலர் தோற்பது இங்கேதான். அடுத்து அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். 2021-ல் வந்த இந்தியத் தகவல் தொழில்நுட்ப விதிகள் அந்தரங்கப் படங்களை நீக்க 24 மணி நேரக் கெடு வைத்தன. கூடவே தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார். சம்மதமின்றி அந்தரங்க உறுப்புகளைப் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரியது. ஆண், பெண் இருவருக்கும் இது பொருந்தும். "பார்த்தாயா இந்த அநியாயத்தை" என்று காட்டுவதற்காகக்கூட அந்தக் காணொளியை நண்பருக்கு அனுப்பாதீர்கள். பாலியல் காட்சியை அனுப்புபவர்மேலும் 67-ஏ பிரிவு பாயும்.

அன்புடன்.