வார்ப்பு ஈயக் குண்டு சிதறினால், கடினத்தைவிட அளவைப் பாருங்கள்

கேள்வி: என் .30-30 லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளில் செம்பு உறைக் குண்டுகள் 100 கஜத்தில் நன்றாக விழுகின்றன. நான் வார்த்து .308 அங்குலத்துக்கு சைஸ் செய்த ஈயக் குண்டுகளோ ஏழெட்டு அங்குலத்துக்குச் சிதறுகின்றன. குழலில் ஈயமும் படிகிறது. கலவையை இன்னும் கடினமாக்கலாமா?

பதில்: வேண்டாம், கோளாறு அளவில் இருக்கிறது. .308 என்பது உறைக் குண்டுக்கான அளவு. ஈயக் குண்டு குழலின் பள்ள விட்டத்தைவிட (உள்ளே சுழன்று செல்லும் பள்ளங்களின் அடியில் அளக்கும் விட்டம்) 0.001 முதல் 0.002 அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் சூடான வாயு பக்கவாட்டில் பீறிட்டு ஈயத்தை அரித்துக் குழலில் பூசிவிடும். கடினமான குண்டு அழுத்தத்தில் விரிந்து இடைவெளியை அடைக்காது என்பதால், கலவையைக் கடினமாக்கினால் நிலைமை மோசமாகவே வாய்ப்பு அதிகம். பிரினெல் கடின அளவில் 12 இருக்கும் பழைய வாகனச் சக்கர எடைக்கல் ஈயம், காஸ் செக்குடன் (குண்டின் அடியில் மாட்டும் சிறு செம்புக் கிண்ணம்) உங்களுக்குப் போதும்.

முதலில் குழலில் படிந்த ஈயத்தையும் செம்பையும் முழுக்க நீக்குங்கள். துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்து, எண்ணெய் தடவிய குழலுக்குள் மென்மையான சுத்த ஈயத் துண்டு ஒன்றைத் தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். .309 அல்லது .310 சைஸிங் டை (குண்டை அந்த விட்டத்துக்குக் கொண்டுவரும் அச்சு) பெரும்பாலும் பொருந்தும். ஆழம் குறைந்த பல பள்ளங்கள் கொண்ட மார்லின் மைக்ரோ குரூவ் குழல்கள் சில .311 கூடக் கேட்கும். ஆனால் தோட்டா சேம்பரில் (குழலின் பின்முனையில் அது உட்காரும் அறை) தடையின்றி இறங்க வேண்டும். குண்டைப் பிடித்திருக்கும் பித்தளைக் கூட்டின் கழுத்து அங்கே இறுகி நின்றால் குண்டு விடுபட இடமில்லாமல் அழுத்தம் ஆபத்தாக ஏறும்.

பலர் கவனிக்காத இடமும் இந்தக் கழுத்துதான். உறைக் குண்டுக்கான எக்ஸ்பாண்டர் (கழுத்தை விரிக்கும் கருவி) கழுத்தை இறுக்கமாக விடும்; .310 குண்டை உள்ளே அழுத்தும்போதே அது .308 ஆகச் சுருங்கிவிடும். பவுடரும் பிரைமரும் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) இல்லாத கூட்டில் ஒரு குண்டைப் பொருத்தி, புல்லர் என்னும் குண்டு பிடுங்கும் கருவியால் கழற்றி அளந்தால் குட்டு வெளிப்படும். ஈயக் குண்டுக்கான எக்ஸ்பாண்டர் வாங்குங்கள். அது கூட்டின் வாயையும் சற்று விரிக்கும். இல்லையேல் பித்தளை விளிம்பு குண்டின் பக்கத்தைச் சுரண்டி, ஈயச் சுருள் வெளியே தொங்கும்.

லீவர் ரைஃபிளின் குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், ஒரு குண்டின் முனை முன்னுள்ள தோட்டாவின் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். எனவே தட்டை முனை கட்டாயம். ஸ்பிரிங் அழுத்தத்தில் குண்டு உள்ளே நழுவாதிருக்க, குண்டைச் சுற்றியுள்ள கிரிம்ப் பள்ளத்தில் ரோல் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது கூட்டின் விளிம்பை உள்நோக்கி மடியுங்கள். கூடுகள் ஒரே நீளத்தில், 2.039 அங்குலத்தைத் தாண்டாமல் இருந்தால்தான் கிரிம்ப் சீராக விழும். பவுடர் அளவை ஈயக் குண்டுக்கென அச்சான கையேட்டிலிருந்து மட்டும் எடுத்து, கீழ்ப்பட்ச அளவில் தொடங்குங்கள்.

பிறகும் ஈயம் படிந்தால், எங்கே என்று பாருங்கள். சேம்பர் அருகே என்றால் குண்டு இன்னும் சிறிது. குழல்வாய் அருகே என்றால் குண்டில் தடவிய மசகு பாதி வழியில் தீர்ந்துவிடுகிறது. முன்னதற்கு டையை மாற்றுங்கள், பின்னதற்கு மசகை.