கையை விடுங்கள், காலைப் பாருங்கள்: ‘தி குவெஸ்ட்’ கேள்வி பதில்

பல நாட்டு வீரர்கள் ஒரே களத்தில் மோதும் ‘தி குவெஸ்ட்’ படம் 1996-இல் வந்தது. சண்டைப்பட நடிகர் வான் டாம் நடித்து, முதன்முதலாக இயக்கிய படம். பாளையங்கோட்டையில் என்னிடம் சிலம்பம் கற்கும் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டவை இவை.

பேட்டை மாணவர்: ஆசானே, திபெத்தில் இப்படி ஒரு போட்டி நிஜமாகவே நடந்ததா?

இல்லப்பா, கதைதான். தங்க டிராகன் பரிசும் கற்பனை. ஆனால் வேறு வேறு கலைக்காரர்களை மோதவிட்டது நிஜத்தில் உண்டு. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் 8 பேர் இறங்கினார்கள். குத்துச்சண்டைக்காரரும் இருந்தார், சுமோ வீரரும் இருந்தார். ஒல்லியான ஹோய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரைப் பிடிபோட்டு வென்றார். படத்தில் அந்தத் தரைப்பிடிக்குப் பெரிய இடமில்லை. எனக்கு அது குறைதான்.

அம்பாசமுத்திரம் மாணவி: பிரேசில்காரர் நடனம் ஆடுகிற மாதிரிதானே இருக்கிறது? அதில் அடி விழுமா, ஆசானே?

நன்றாக விழும், தாயி. அந்தக் கலை கபோய்ரா. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிரேசிலுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் வளர்த்தது. ஒற்றை நரம்புள்ள வில் வாத்தியத்தின் தாளத்துக்கு உடம்பு இடமும் வலமும் சாய்ந்துகொண்டே இருக்கும். ஒரு கால் பின்னே போகும்போது அதே பக்கத்துக் கை முகத்தைக் காக்கும். உதை எந்தச் சாய்விலிருந்து கிளம்பும் என்று எதிராளிக்குப் பிடிபடாது. அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டு, கையை விட்டுவிட்டுக் காலை மட்டும் பார். கம்பைக் கையில் கொடுக்கும் முன் உன்னை ஏன் இத்தனை நாள் காலடி வைக்கச் சொன்னேன் என்பது தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதை நடப்பது 1925-இல். பிரேசிலின் 1890 குற்றவியல் சட்டம் கபோய்ராவைத் தடை செய்திருந்தது. 1930-களில்தான் அந்தப் பிடி தளர்ந்தது. அப்படியென்றால், படத்தில் நாட்டின் பெயரால் களம் இறங்கும் அந்த வீரர், சொந்த ஊர்த் தெருவில் அதே ஆட்டத்தை ஆடினால் கைதாகியிருப்பார். இதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தச் சண்டையின் கனமே வேறு.

மேலப்பாளையம் மாணவர்: மங்கோலிய வீரர் கான் மாதிரி ஆள் எதிரே வந்தால் என்ன செய்வது?

நேர்க்கோட்டில் நிற்காதே. பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இரு, பிடிக்குள் மட்டும் சிக்காதே.

களக்காடு அண்ணாச்சி ஒருவர்: நம்ம சிலம்பக்காரர் ஒருத்தரையும் சேர்த்திருக்கலாமே?

அந்த ஏக்கம் எனக்கும் உண்டு, அண்ணாச்சி. அது வெறுங்கைப் போட்டி, கம்புக்கு இடமில்லை. ஆனால் நம்மிடம் குத்துவரிசை இருக்கிறது, தெற்கே போனால் அடிமுறை இருக்கிறது. அதில் தேறிய ஒருவர் அந்தக் களத்தில் தாராளமாக நின்றிருப்பார். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. அப்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வள்ளியூரிலிருந்து ஒரு தாய்: ஒன்பது வயது மகன் வான் டாம் மாதிரி காலை விரித்து உட்கார முயல்கிறான். விடலாமா?

விடலாம் அம்மா, ஆனால் அவசரம் கூடாது. வான் டாம் சிறு வயதிலேயே கராத்தே படித்தவர், அப்புறம் பாலே நடனமும் பல வருடம் பயின்றவர். முதலில் உடம்பு சூடாகும்வரை பையன் ஓடட்டும். பிறகு தானாக இறங்குகிற அளவுக்கு மட்டும் இறங்கட்டும். யாரும் தோளைப் பிடித்து அழுத்தக் கூடாது. தொடையில் இழுப்பு இருக்கலாம். முழங்காலிலோ இடுப்பு மூட்டிலோ வலி என்றால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள்.