பெரியப்பா சொல்லும் மருத்துவமும் மகள் எழுதும் விதிகளும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வை நல்லபடியாக முடித்துவிட்டாள். தனியார் கல்லூரியில் மருத்துவம் சேர்க்கச் சொல்லிப் பெரியப்பா நெருக்குகிறார். பிள்ளையோ இராத்திரியெல்லாம் கைப்பேசியில் கார்டு விளையாட்டு. பகலில் அதற்கு இரண்டு பேர் அணி ஆட்டம் என்று நோட்டில் விதி எழுதுகிறாளாம்.

அம்மா, பயம் புரிகிறது. ஆனால் நேரே சொல்லிவிடுகிறேன்: மருத்துவம் வேண்டாம். தனியார் கல்லூரி என்றால் பல இடங்களில் 3 லட்சம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டும், பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் அதில் ஒரு பகுதியைத்தான் தாங்கும். 2016 டிசம்பரிலிருந்து புது மருத்துவர்கள் அரசு மருத்துவமனையில் ஒப்பந்தத்தில்தான் சேர்கிறார்கள். 2021 ஜூலையில் அவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றதைப் பெரியப்பாவும் டிவியில் பார்த்திருப்பார். எல்லாவற்றுக்கும் மேலே, இரத்தம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் இ.பி.எஃப். சேமநிதிப் பணத்தில் கை வைக்காதீர்கள்.

பொறியியல், கணக்கியல் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கோயில் திருவிழாவுக்குப் போனால் நாலு பேர் சொல்லிவிடுவார்கள்.

நீங்கள் படம் எடுத்து அனுப்பிய நோட்டுப் பக்கங்களுக்கு வருகிறேன். கணக்கு நன்றாக வரும் பிள்ளையின் கை அது. மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டு 1993இல் வந்தது, அதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டு கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். தனி ஆட்டத்தில் ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. இருவர் அணி ஆட்டத்தில் இருவருக்கும் பொதுவாக 30, நாற்பது இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: 'ஒவ்வோர் எதிராளிக்கும் 2 புள்ளி சேதம்' என்கிற கார்டு, அணி ஆட்டத்தில் ஒரே கணக்கிலிருந்து 4 புள்ளியைப் பிடுங்கிவிடும். உங்கள் மகள் அந்த மாதிரிக் கார்டுகளைத் தேடி எடுத்துத் தனியாகப் பட்டியல் போட்டிருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே!

இணையத்தில் இது இன்னும் சிக்கல். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டாளியிடம் பேசலாம். முகம் தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது? ஹார்த்ஸ்டோன் என்ற இணைய கார்டு விளையாட்டு 2023 டிசம்பரில் பேட்டில்கிரவுண்ட்ஸ் என்ற தன் ஆட்ட வகையில் இருவர் ஆட்டத்தைச் சேர்த்தபோது, கூட்டாளிக்குக் கார்டை அனுப்பவும் சைகை காட்டவும் வழி வைத்தது. ஒருவரே எல்லாவற்றையும் முடிவு செய்து மற்றவரைப் பொம்மையாக்காமல் இருக்க என்ன விதி? ஆட்டத்தின் நடுவில் தோட்டத்து இணைய லைன் அறுந்தால்? கூட்டாளியின் கார்டுகளை மற்றவர் ஆடலாம், ஆனால் பாதி நேரம்தான் என்று எழுதியிருக்கிறாள். எனக்குப் பிடித்த விதி அது.

இது சம்பளம் கிடைக்கிற வேலை. சோனி பிளேஸ்டேஷன், லாரியன் ஆகிய விளையாட்டு நிறுவனங்கள் கோலாலம்பூரில் ஸ்டுடியோ வைத்திருக்கின்றன. ஆனால் இந்தத் துறையில் ஓவியத்துக்கும் புரோகிராமிங்குக்கும் எடுக்கிற அளவுக்கு விதி எழுத ஆள் எடுப்பதில்லை. அதனால் 'கேம் டிசைன்' என்று பெயர் போட்ட விலை உயர்ந்த டிப்ளோமாவும் வேண்டாம் என்கிறேன்.

அரசாங்கப் பள்ளியில் படிவம் ஆறு சேருங்கள். அதன் இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம்.மில் கணிதம் டி பாடத்தின் மூன்றாம் தவணை முழுக்கப் புள்ளியியல். அவளுக்குத் தேவையானது அதுதான். பிறகு யு.பி.யு. என்ற பொது விண்ணப்ப முறை வழியாகப் பொதுப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் அல்லது புள்ளியியல். விளையாட்டுத் துறை கைவிட்டாலும் வங்கியிலோ காப்புறுதியிலோ அந்தப் படிப்புக்கு இடம் இருக்கும்.

அதுவரை விதிகளைக் காகிதக் கார்டில் வெட்டி, மாமா பிள்ளைகளோடு ஆடட்டும். யார் ஜெயித்தார், எத்தனை சுற்று ஓடியது, எங்கே சண்டை வந்தது என்று ஒவ்வோர் ஆட்டத்தையும் எழுதி வைக்கட்டும். பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைக் கற்றுக்கொண்டு அதே விதியைக் கணினியில் பத்தாயிரம் முறை ஓட்டிப் பார்க்கட்டும். வேலைக்குப் போகும்போது சான்றிதழோடு இதையும் எடுத்துக்கொண்டு போகலாம்.

பெரியப்பா மறுபடி வந்தால், வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா என்று மரியாதையாகக் கேளுங்கள். நோட்டை மட்டும் பிடுங்காதீர்கள். கைப்பேசியை இரவு பதினொரு மணிக்கு வாங்கி வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.