தாரப் இசையில் சித்தி பிந்தி சாத் ஏன் இவ்வளவு முக்கியமானவர்?

கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரில் தாரப் முதலில் அரண்மனை இசை. சுல்தான் பர்காஷ் காலத்தில் கெய்ரோவிலிருந்து வந்து, அவையில் அரபு மொழியில் பாடப்பட்டது. தெருவில் இருந்தவர்களுக்கு அதில் பெரிய பங்கில்லை.

சித்தி 1880 வாக்கில் ஃபும்பா என்ற சிற்றூரில், அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். பள்ளிக்குப் போனதில்லை, மண்பானைகளைத் தலையில் சுமந்து, பாடியபடியே விற்றவர். 1911இல் நகரத்துக்கு வந்து இசை பயின்றார். சுல்தானின் அவையிலும் பாடினார், ஊர் மக்கள் பேசிய சுவாகிலி மொழியிலும் பாடினார். இந்த இரண்டாவதுதான் எல்லாவற்றையும் மாற்றியது என்பேன்.

1928இல் அவரும் குழுவினரும் பம்பாய்க்குக் கப்பலேறி, எச்.எம்.வி. நிறுவனத்துக்காக இசைத்தட்டுகள் பதிவு செய்தார்கள். (கிழக்கு ஆப்பிரிக்க இசையின் வரலாறு நம் பம்பாய் வழியாகப் போவது பலருக்குத் தெரியாது.) சுவாகிலி பேசும் கடற்கரை முழுவதும் அவை விற்றுத் தீர்ந்தன.

என்ன பாடினார் என்பதுதான் இன்னும் சுவையானது. காதலோடு ஊர் வழக்குகளும் பாட்டாயின. ஒரு பெண்ணைக் கொன்றவன் தப்பியோட, உடனிருந்த பெண்களே தண்டிக்கப்பட்ட கதையை ‘கிஜிட்டி’ என்ற பாடலில் சொன்னார். நீதிமன்றத்தையும் விட்டுவைக்காத துணிச்சல் அது.

1950இல் சித்தி மறைந்தார். பின்னர் உலகப் புகழ் பெற்ற சான்சிபார் பாடகி பி கிடுடேயும் அவர் பாடல்களைப் பாடி வளர்ந்தவர்தான்.