இங்கிலாந்தில் 17-ஆம் இடம் வந்த அணி நேராக உள்ளே, கஜகஸ்தான் சாம்பியனுக்கு நாலு சுற்று: சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று எப்படி நடக்கிறது?

ஐரோப்பாவின் மிகப்பெரிய கிளப் கால்பந்துக் கோப்பையான சாம்பியன்ஸ் லீக் பற்றி வாசகர் ஒருவர் மூன்று விஷயம் கேட்டிருக்கிறார். ஒரு நாட்டின் சாம்பியன் ஜூலையிலேயே இறங்கி நாலு சுற்று ஆட வேண்டியிருக்கிறது, இங்கிலாந்தில் நாலாவதாக வந்த அணியோ செப்டம்பரில் சாவகாசமாக வந்து உட்காருகிறது, ஏன்? தகுதிச் சுற்றில் தோற்ற அணி கொஞ்ச நாளில் வேறொரு கோப்பையில் ஆடுகிறதே, எப்படி? அட்டவணையில் ஒரே இடத்தில் இரண்டு அணிப் பெயர் போட்டிருக்கிறதே, அச்சுப்பிழையா?

அச்சுப்பிழை இல்லை. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் கீழக்கரைப் பக்கத்துக் கடலோர ஊர்க்காரன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையோடு கிடக்கும். எங்கள் ஊர் எழுவர் கால்பந்துப் போட்டி அந்த 61 நாளுக்குள்தான் நடக்கும். அதைத் தாண்டினால் பாதி அணி கடலில் இருக்கும். ஃபிக்ஸ்சர், அதாவது யாரோடு யார் என்ற அட்டவணை, போடுவது எங்கள் பெரிய காக்கா (அண்ணனை நாங்கள் காக்கா என்போம்). போன வருடம் கோப்பை தூக்கிய அணிக்கு நேராகக் காலிறுதி. தொண்டி, பனைக்குளம் என்று வெளியூரிலிருந்து பேரெடுத்த அணி வந்தால் அதற்கும் ஒரு ‘பை’, அதாவது ஆடாமலே அடுத்த சுற்று. முதல் சுற்றில் முட்டி மோதுவது எங்களை மாதிரித் தெரு அணிகள்தான்.

“ஏன் காக்கா, நாங்க மட்டும் ரெண்டு மேட்ச் கூட ஆடணுமா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“போன வருசம் நீ எத்தனை மேட்ச் ஜெயிச்சே, தம்பி?” என்றார். அவ்வளவுதான் பதில்.

ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபாவின் பதிலும் அதேதான், கணக்குதான் கொஞ்சம் பெரியது. ஒவ்வொரு நாட்டின் அணிகளும் ஐரோப்பியக் கோப்பைகளில் கடந்த ஐந்து ஆண்டுகளில் எப்படி ஆடின என்று புள்ளி போட்டு நாடுகளை வரிசைப்படுத்துகிறார்கள். 2024-ல் வந்த புதிய முறைப்படி சாம்பியன்ஸ் லீக்கின் முக்கியச் சுற்றில் 36 அணிகள். அதில் 29 நேரடி. வரிசையில் முதல் 10 நாடுகளின் சாம்பியன்கள், முதல் 6 நாடுகளில் இரண்டாவதாக வந்தவை, முதல் 5 நாடுகளில் மூன்றாவது, முதல் 4 நாடுகளில் நாலாவது. போன ஆண்டு சாம்பியன்ஸ் லீக் வென்ற அணிக்கு ஓர் இடம், அதற்கு அடுத்த நிலைக் கோப்பையான யூரோப்பா லீக் வென்ற அணிக்கு ஓர் இடம். முந்தைய ஒரு சீசனில் மட்டும் மிக நன்றாக ஆடிய இரண்டு நாடுகளுக்குக் கூடுதலாக ஒவ்வோர் இடம். கூட்டிப் பாருங்கள், 29 வரும். மிச்சம் இருப்பது 7 இடம். தகுதிச் சுற்று மொத்தமும் அந்த ஏழு நாற்காலிக்காகத்தான்.

தலைப்பில் சொன்ன 17-ஆம் இடம் டாட்டன்ஹாம். 2025-ல் இங்கிலாந்து லீக்கில் 17-ஆவதாக முடித்தார்கள், ஆனால் யூரோப்பா லீக்கை வென்றுவிட்டதால் நேராக உள்ளே. கோப்பையை வென்ற அணி தன் நாட்டு லீக் வழியாகவே ஏற்கெனவே இடம் பிடித்திருந்தால், வீணாகும் அந்த நேரடி இடம் தகுதிச் சுற்றில் இருக்கும் ஒருவருக்குப் போகும். பாரிஸ் அணி 2025-ல் கோப்பையும் வென்று பிரெஞ்சு சாம்பியனாகவும் இருந்ததால், கிரேக்க சாம்பியன் ஒலிம்பியாகோஸ் ஒரு தகுதி ஆட்டம்கூட ஆடாமல் உள்ளே போனது இப்படித்தான்.

இனி அந்த ஏழு. பெரும்பாலானோர் குழம்புவது இங்கேதான், ஏனென்றால் இது ஒரே ஏணி இல்லை. தனித்தனியாக இரண்டு பாதை. ஒன்று சாம்பியன்கள் பாதை: சின்ன, நடுத்தர நாடுகளின் சாம்பியன்கள் மட்டும். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று, பிளே-ஆஃப் என்று நாலு படி, அதிலிருந்து 5 அணிகள் உள்ளே. இன்னொன்று லீக் பாதை: பட்டம் வெல்லாமல் இரண்டாவது, மூன்றாவது, நாலாவதாக வந்த அணிகள். இது இரண்டாம் சுற்றில்தான் தொடங்கும், 2 அணிகள் மட்டும் உள்ளே. பிளே-ஆஃப் முடியும்வரை ஒரு பாதைக்காரன் இன்னொரு பாதைக்காரனைப் பார்க்கவே மாட்டான். எல்லாரும் முதல் படியிலேயே ஏறுவதும் இல்லை. நாட்டின் தரவரிசை மேலே போகப் போக ஏறும் படியும் மேலே போகும். ஸ்காட்லாந்து சாம்பியன் செல்டிக் 2025-ல் நேராக பிளே-ஆஃபில்தான் இறங்கியது.

ஏன் இரண்டாகப் பிரித்தார்கள் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 2004. அந்த ஆண்டு ஆஸ்திரிய சாம்பியன் கிராஸ் நகரத்து ஜிஏகே. மூன்றாம் தகுதிச் சுற்றுக் குலுக்கலில் அவர்களுக்கு வாய்த்தது இங்கிலாந்தில் நாலாவதாக வந்த லிவர்பூல். கிராஸில் 0-2 தோற்றார்கள், லிவர்பூல் ஊருக்கே போய் 1-0 வென்றார்கள், ஆனாலும் மொத்தத்தில் 2-1 என்று வெளியே. அந்த லிவர்பூல்தான் அடுத்த மே மாதம் இஸ்தான்புல்லில் கோப்பையையே தூக்கியது. ஒரு நாட்டின் சாம்பியனுக்குக் கிடைத்த எதிராளி, வருங்காலக் கோப்பை வின்னர்! பிளாட்டினி யூஃபா தலைவராக இருந்தபோது, 2009-10 சீசனிலிருந்து, பாதைகளைப் பிரித்தார்கள். அதற்குப் பிறகு சின்ன நாட்டு சாம்பியன், சாம்பியன்களோடு மட்டும் மோதினால் போதும் என்று ஆனது. பெரிய லீக்குகள் எல்லா இடத்தையும் வழித்துக்கொண்டு போகாமல் ஐந்து நாற்காலி தனியாகக் கயிறு கட்டி வைத்த மாதிரி. என்னைக் கேட்டால் இந்த முறையிலேயே நியாயமான ஒரே விதி இதுதான்.

(அதே லிவர்பூல் கோப்பை வென்ற கையோடு, சொந்த லீக்கில் ஐந்தாவதாக வந்திருந்ததால், 2005 ஜூலையில் முதல் தகுதிச் சுற்றிலிருந்து ஆட வேண்டி வந்தது. எதிராளி வேல்ஸின் ஒரு சின்ன அணி, டிஎன்எஸ். லிவர்பூல் கேப்டன் ஜெரார்ட் முதல் ஆட்டத்தில் மூன்று கோல் போட்டார். காக்கா மாதிரி ஓர் ஆள் கமிட்டியில் இருந்திருந்தால் ஒரு ‘பை’ கொடுத்திருப்பார்.)

ஒவ்வொரு சுற்றும் இரண்டு ஆட்டம், சொந்த ஊரில் ஒன்று, எதிராளி ஊரில் ஒன்று. இரண்டின் கோல்களையும் கூட்டி, சமம் என்றால் கூடுதலாக 30 நிமிடம், அதற்கும் மேல் பெனால்டி. வெளியூரில் அடித்த கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற பழைய விதி 2021-22 சீசனிலிருந்து இல்லை. குலுக்கலில் கிளப்பின் சொந்தப் புள்ளிக்கணக்கை வைத்து அணிகளை மேல் பாதி, கீழ் பாதி என்று பிரித்து, மேலிருந்து ஒன்றுக்குக் கீழிருந்து ஒன்று. ஒரே நாட்டு அணிகள் தகுதிச் சுற்றில் மோதக் கூடாது.

நீங்கள் கேட்ட இரட்டைப் பெயர் இந்தக் குலுக்கலால் வருவதுதான். முதல் சுற்று ஆடி முடிப்பதற்குள்ளேயே இரண்டாம் சுற்றுக்கும் குலுக்கிவிடுகிறார்கள். பயணம், மைதானம், டிவி எல்லாம் ஏற்பாடு செய்ய வேண்டுமே. அதனால் ‘இந்த அணி அல்லது அந்த அணி’ என்று சாய்கோடு போட்டு நிற்கும். புள்ளி அதிகமுள்ள அணி ஜெயிக்கும் என்று வைத்துக்கொண்டு குலுக்குவார்கள். சின்ன அணி ஜெயித்துவிட்டால் பெரிய அணியின் இடம் அப்படியே அதற்கு. ஆகவே தகுதிச் சுற்றில் ஒரு பெரிய தலையைச் சாய்த்தால் அடுத்த சுற்றில் சுமாரான எதிராளி என்ற பரிசும் சேர்ந்தே வரும்.

அடுத்து, தோற்றவர்கள். கீழே இரண்டு வலை விரித்திருக்கிறது: யூரோப்பா லீக், அதற்கும் கீழே கான்ஃபரன்ஸ் லீக். சாம்பியன்கள் பாதையில் முதல் சுற்றில் தோற்றால் பெரும்பாலும் கான்ஃபரன்ஸ் லீக்கின் இரண்டாம் தகுதிச் சுற்று. இரண்டாம் சுற்றில் தோற்றால் யூரோப்பாவின் மூன்றாம் சுற்று. மூன்றாம் சுற்றில் தோற்றால் யூரோப்பாவின் பிளே-ஆஃப். பிளே-ஆஃபில் தோற்றால் நேராக யூரோப்பாவின் முக்கியச் சுற்று. லீக் பாதையில் மூன்றாம் சுற்றில் விழுந்தாலே யூரோப்பா முக்கியச் சுற்று உறுதி. எவ்வளவு உயரம் ஏறினாயோ அவ்வளவு மெத்தென்று விழலாம்.

2025-ல் கைராட் அல்மாட்டி ஏறிய கதையைப் பார்த்தால் இதெல்லாம் விளங்கிவிடும். கஜகஸ்தான் சாம்பியன். அல்மாட்டி சீன எல்லைக்குப் பக்கம். முதல் சுற்றில் ஸ்லோவேனியாவின் ஒலிம்பியா லியூப்லியானா, வென்றார்கள். இரண்டாம் சுற்றில் பின்லாந்தின் குப்ஸ். அங்கே 0-2 தோற்று, வீட்டில் 3-0 திருப்பினார்கள். மூன்றாம் சுற்றில் ஸ்லோவாக்கியாவின் ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா, பெனால்டியில் வெற்றி. பிளே-ஆஃபில் செல்டிக்.

அந்த இரண்டாவது ஆட்டம் நம் நேரத்துக்கு இரவு பத்து மணிக்கு மேல். ஆகஸ்ட் கடைசி, கச்சான் காற்று தென்னையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. மொட்டை மாடியில் சிக்னல் கிடைக்காமல், காக்கா வீட்டுத் திண்ணையில் ஒரு செல்போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்து ஏழு பேர் பார்த்தோம். கிளாஸ்கோவில் 0-0, அல்மாட்டியிலும் 120 நிமிடம் 0-0. இரண்டு ஆட்டத்திலும் ஒரு கோல் இல்லை. பெனால்டியில் கைராட்டின் 21 வயது கோல்கீப்பர் அனார்பெகோவ் மூன்றைத் தடுத்தார், கடைசியாக செல்டிக்கின் மயேதா அடித்ததையும் சேர்த்து. 3-2. காக்காவின் வாப்பா (அப்பா) உள்ளேயிருந்து, “யாருடா ஜெயிச்சது, கேரளாவா?” என்று சத்தம் போட்டார்.

இதில் யாரும் பேசாத ஒரு காரணம் உண்டு. கஜகஸ்தானில் லீக் நடப்பது வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை. ஜூலை, ஆகஸ்டில் அவர்கள் நடு சீசன் சூட்டில் இருப்பார்கள். ஸ்காட்லாந்து மாதிரி நாடுகளில் அப்போதுதான் லீவு முடிந்து கால் இளகத் தொடங்கும். எங்கள் ஊரில் தடைக்காலம் முடியும் தறுவாயில் கடல்காரப் பையன்கள் அணியை யாராலும் அசைக்க முடியாது, இரண்டு மாதம் தினமும் ஆடியிருப்பார்கள். அதே கதை.

கைராட்டிடம் தோற்றவர்கள் என்ன ஆனார்கள்? செல்டிக் யூரோப்பா முக்கியச் சுற்றுக்கு. ஸ்லோவான் யூரோப்பா பிளே-ஆஃபில் சுவிஸ் அணி யங் பாய்ஸிடம் மறுபடி தோற்று கான்ஃபரன்ஸ் லீக்குக்கு. குப்ஸும் கடைசியில் கான்ஃபரன்ஸ் லீக்கில்தான் நின்றது. ஒலிம்பியா மட்டும் வலையின் ஓட்டை வழியே விழுந்துவிட்டது. கைராட்டுக்கு? சொந்த ஊரில் ரியல் மாட்ரிட், 0-5. சிரிக்காதீர்கள். முக்கியச் சுற்றுக்குள் கால் வைத்தாலே ஒரு கிளப்புக்கு 1 கோடியே 86 லட்சம் யூரோ கிடைக்கிறது. ரியல் மாட்ரிட்டிடம் எல்லாரும் அடி வாங்குவதும் இல்லை. மால்டோவா லீக்கின் ஷெரிஃப் 2021-ல் முதல் சுற்றிலிருந்து ஏறி வந்து, மாட்ரிட்டிலேயே 2-1 என்று வென்றது.

இன்னொன்று, இந்தச் சுற்றுகளில் ஆட்டத்தைவிடக் காகிதம் ஆபத்து. எனக்கு அது சொந்த அனுபவம். ஒரு வருடம் எங்கள் அணிப் பட்டியலை எழுதியவன் நான். ராமநாதபுரத்திலிருந்து ஒரு பையனைக் கூட்டி வந்தோம். அவன் பெயர் முதல் சுற்றில் வேறோர் அணிப் பட்டியலில் இருந்தது எனக்குத் தெரியாது. 3-1 முன்னணியில் இருக்கும்போது ஒருவனுக்குக் காலில் பிடிப்பு, கடைசி நாலு நிமிடத்துக்கு அவனை இறக்கினோம், பந்தைக்கூட இரண்டு முறைதான் தொட்டான். எதிர் அணி ஐந்நூறு ரூபாய் கட்டி புரொடெஸ்ட், அதாவது ஆட்சேபம், போட்டது. நாங்கள் வெளியே. கமிட்டி மேஜையில் நான் எழுதிய பட்டியலையே என் முன்னால் திருப்பி வைத்தார்கள், என் கையெழுத்து, மறுக்க முடியவில்லை.

2014-ல் போலந்தின் லெகியா வார்சாவுக்கு அச்சாக இதே நடந்தது. செல்டிக்கை 4-1, 2-0 என்று இரண்டிலும் அடித்தார்கள், கூட்டினால் 6-1. இரண்டாவது ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் பெரெஷின்ஸ்கி என்ற வீரரை இறக்கினார்கள். அவருக்கு மூன்று ஆட்டத் தடை இருந்தது. முந்தைய சுற்றில் இரண்டு ஆட்டம் உட்கார்ந்திருந்தார், ஆனால் அந்தச் சுற்றுக்கான பட்டியலிலேயே அவர் பெயரைப் பதிவு செய்யவில்லை. பதியாத ஆள் தடையைக் கழித்ததாகக் கணக்கில் வராது. யூஃபா அந்த ஆட்டத்தை 3-0 என்று செல்டிக்குக் கொடுத்தது. மொத்தம் 4-4, அப்போதிருந்த வெளியூர்க் கோல் விதியில் செல்டிக் மேலே. இதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஆசியாவில் எப்படி என்று யாராவது கேட்பீர்கள். இங்கே தகுதிச் சுற்று பெரும்பாலும் ஒரே ஆட்டம்தான், திருப்பி அடிக்க இரண்டாவது வாய்ப்பு இல்லை. 2025 ஆகஸ்டில் எஃப்சி கோவா ஓமனின் அல் சீப்பை 2-1 வென்று ஆசியாவின் இரண்டாம் நிலைப் போட்டியான ஆசிய சாம்பியன்ஸ் லீக் டூவுக்குப் போனது, ரொனால்டோவின் அல் நசர் இருந்த குரூப்பில். நம் தமிழ்நாட்டுக்கும் அப்படி ஓர் இரவு இருந்தது. இந்திய லீக்குகளில் ஒன்றான ஐ-லீக்கை 2018-19-ல் வென்ற சென்னை சிட்டி, 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் முதல் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல் ரிஃபாவைச் சந்தித்தது. ஆட்டம் நடந்தது அவர்கள் சொந்த மண்ணான கோவையில் இல்லை, அகமதாபாத்தில். 0-1. அங்கிருந்து அப்போதைய இரண்டாம் நிலைப் போட்டியான ஏஎஃப்சி கோப்பைக்கு இறங்கினார்கள், மாலத்தீவின் மாசியாவோடு 2-2 ஆடினார்கள், அப்புறம் கொரோனா வந்து அந்தக் கோப்பையே ரத்து.